பேடில் ரத்தம் இல்லை, நாடி 118: சிசேரியனுக்குப் பின் உள்ளே தேங்கிய ரத்தப்போக்கு – ஒரு நிகழ்வு ஆய்வு

சிசேரியன் முடிந்து வெளியே வரும் தாய்க்கு ரத்தப்போக்கு இருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் முதலில் செய்வது பேடை விலக்கிப் பார்ப்பதுதான். நனைந்திருந்தால் பதறுகிறோம், காய்ந்திருந்தால் நிம்மதியாகிவிடுகிறோம். கீழே விவரிக்கும் நிகழ்வில் அந்த நிம்மதிதான் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தை விழுங்கியது.

ஒரு விளக்கம். இது தனி ஒரு நோயாளியின் கோப்பு அல்ல. சிசேரியன் ரத்தப்போக்கில் திரும்பத் திரும்ப வரும் ஒரு போக்கை, கற்பிப்பதற்காக ஒரே நிகழ்வாகக் கோத்து எழுதியிருக்கிறேன். நேரங்களும் அளவுகளும் அந்தப் போக்குக்குப் பொருந்த வைக்கப்பட்டவை. அவற்றை விளக்கும் மருத்துவத் தகவல்கள் பொதுவானவை.

நடந்தது

வயது 29, முதல் பிரசவம், எடை 62 கிலோ. கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இல்லை. கடைசியாகப் பார்த்த ஹீமோகுளோபின் 10.4. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். ஆனால் 10.4 என்றால் யாரும் புருவத்தை உயர்த்துவதில்லை, இரும்பு மாத்திரையைத் தொடரச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். இங்கேயும் அப்படித்தான்.

பனிக்குடம் முந்தைய நாள் காலையிலேயே உடைந்துவிட்டது. வலி போதாததால் ஆக்ஸிடோசின் டிரிப் போட்டார்கள், 11 மணி நேரம் ஓடியது. கருப்பை வாய் முழுதாகத் திறந்து, முக்கத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழிந்தும் தலை இறங்கவில்லை. குழந்தையின் முகம் மேல்நோக்கித் திரும்பியிருந்தது, தலை இடுப்பெலும்புக்குள் ஆப்படித்த மாதிரி மாட்டியிருந்தது. நள்ளிரவு தாண்டி சிசேரியன் என்று முடிவானது. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, அதிகாலை 2.10-க்கு அறுவை தொடங்கியது.

குழந்தை வெளியே வந்தது 2.16-க்கு. எடை 3.6 கிலோ, நன்றாக அழுதது. தலையை எடுக்கத்தான் சிரமம். கீழிருந்து ஒருவர் தள்ள, மேலிருந்து ஒருவர் இழுக்க வேண்டியிருந்தது. அந்த இழுபறியில் கருப்பையின் வெட்டு இடது மூலையிலிருந்து கீழ்நோக்கி சுமார் 4 சென்டிமீட்டர் கிழிந்தது. மூலையைத் தேடிப் பிடித்துத் தைத்தார்கள். கருப்பை கொஞ்சம் தளர்வாக இருந்தது. ஆக்ஸிடோசின் 3 யூனிட் மெதுவாக, அதன்பின் டிரிப்பில். அதுவும் போதாமல் மெத்தில்எர்கோமெட்ரின் 0.2 மில்லிகிராம் தசையில். கருப்பை இறுகியது. 3.05-க்குத் தோல் தையலும் முடிந்தது. குறிப்பில் எழுதிய ரத்த இழப்பு: "சுமார் 700 மில்லி".

அப்புறம் மீட்பு அறை. 3.15-க்கு நாடி 104, பிபி 112/70. பேடில் சிறிய கறை மட்டும். 3.30-க்கு எடுத்த ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.8 என்று வந்தது, எல்லோருக்கும் ஆறுதல். 3.45-க்கு நாடி 112, பிபி 108/68. வயிறு வலிக்கிறது என்றார், வலி மருந்து கொடுத்தார்கள். 4.15-க்கு நாடி 118, பிபி 104/66. பேட் மாற்றத் தேவையே இல்லை. சிறுநீர்ப் பையில் ஒரு மணி நேரத்தில் 20 மில்லி. "சிறுநீர் குறைவு, திரவம் கூட்டவும்" என்று எழுதி 500 மில்லி சலைன் ஓட்டினார்கள்.

4.45-க்கு நாடி 126, பிபி 98/60. அப்போது பணியிலிருந்த செவிலியர் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "கருப்பை இறுகியுள்ளது, தொப்புளுக்கு மேலே, வலப்பக்கம் சாய்ந்துள்ளது." இந்த வரிக்குத் திரும்ப வருவேன். நோயாளி கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தார். "சிஸ்டர், வலது தோள்பட்டை இழுக்குது, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று இரண்டு முறை கேட்டிருக்கிறார். ஐந்து மணிக்கு நாடி 134, பிபி 84/50, கைகால் ஜில்லிட்டு உதடு வெளுத்திருந்தது. அப்போதுதான் மருத்துவரை அழைத்தார்கள்.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது, நன்றாகவும் நடந்தது. இரண்டாவது பெரிய ஊசிவழி, ஆக்ஸிஜன், ரத்தம் கேட்டு அழைப்பு. ரத்தப்போக்கை அடக்கும் மருந்தான டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் 5.08-க்கு நரம்பில் ஏறியது. படுக்கையருகே அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தால் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே திரவம், கருப்பையின் இடப்பக்கம் பெரிய கட்டி போன்ற நிழல். ஹீமோகுளோபின் 6.4. ரத்தத்தை உறையவைக்கும் புரதமான ஃபைப்ரினோஜன் டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராம். 5.35-க்கு மறுபடியும் அறுவை அரங்கம், இம்முறை முழு மயக்கம். பிபி சரிந்து, ரத்தம் உறையும் திறனும் குறைந்திருக்கும்போது முதுகில் ஊசி போடக் கூடாது.

வயிற்றைத் திறந்ததும் சுமார் 800 மில்லி ரத்தம். கருப்பையின் இடப்பக்கத்தைத் தாங்கும் அகன்ற சவ்வின் இரண்டு மடிப்புக்கும் நடுவே 12 சென்டிமீட்டர் ரத்தக்கட்டு. அதைத் திறந்து உறைந்த ரத்தத்தை அள்ளி எடையிட்டால் 450 கிராம். அடியில், முதல் தையல் போட்ட மூலைக்கு அப்பால் உள்வாங்கிப் போயிருந்த கருப்பைத் தமனியின் ஒரு கிளை பீறிட்டுக்கொண்டிருந்தது. சிறுநீர்க்குழாய் எங்கே ஓடுகிறது என்று விரலால் தொட்டு உறுதிப்படுத்திய பிறகே தையல் போட்டார்கள். அந்த இடத்தில் கருப்பைத் தமனிக்கு அடியிலேயே அது குறுக்கே போவதால், அவசரத்தில் அதையும் சேர்த்துக் கட்டிவிடுவது எளிது. அதற்குள் கருப்பை மறுபடி தளர்ந்துவிட்டது. கருப்பையை இறுக்கும் கார்போப்ரோஸ்ட் 250 மைக்ரோகிராம் இரண்டு முறை, அதன்பின் கருப்பையைச் சுற்றி அமுக்கிப் பிடிக்கும் பி-லிஞ்ச் தையல். சிவப்பணு 5 பை, பிளாஸ்மா 4, ஃபைப்ரினோஜன் செறிந்த கிரையோ 10, கால்சியம். உடல் வெப்பம் 35.1 டிகிரிக்கு இறங்கியிருந்ததால் ஏற்றிய எல்லாமே சூடாக்கித்தான் ஏறியது. கருப்பையை எடுக்க வேண்டிய நிலை வரவில்லை.

ஒரு நாள் தீவிர கண்காணிப்பில் இருந்தார். சிறுநீர் அன்று மாலையே ஒழுங்காக வரத் தொடங்கியது. ஆறாம் நாள் வீட்டுக்குப் போனார், ஹீமோகுளோபின் 8.3.

700 என்ற எண்

ஆய்வில் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். சிசேரியனில் 1000 மில்லியை எட்டினால் அதீத ரத்தப்போக்கு என்று கணக்கு. அளவு எதுவானாலும் உடல் தளர்வதற்கான அறிகுறி தெரிந்தாலும் அப்படித்தான். 700 என்று எழுதியதும் இந்தத் தாய் 'சாதாரணம்' என்ற கட்டத்துக்குள் போய்விட்டார். மீட்பு அறையில் இருந்தவர்கள் அதற்கடுத்த ஒவ்வொரு அறிகுறியையும் அந்தக் கட்டத்துக்குள் நின்றே படித்தார்கள்.

அந்த எண் எப்படி வந்தது? கண்ணால் பார்த்து. உறிஞ்சி எடுத்தது சேரும் சக்ஷன் ஜாடியில் இருந்தது 900 மில்லி. அதில் பெரும்பகுதி பனிக்குட நீர் என்று கழித்திருக்கிறார்கள். நிறைமாதத்தில் பனிக்குட நீர் 700, 800 மில்லி இருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் இவருக்குக் குடம் உடைந்து பதினைந்து மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது, நீரில் பெரும்பாலும் ஏற்கெனவே வடிந்துவிட்டிருந்தது. தாராளமாக 300 மில்லி கழித்தாலும் ஜாடியில் 600 ரத்தம். அடுத்து துணிகள். எண்ணிக்கைத் தாளில் 30 சென்டிமீட்டர் சதுர மாப் (ரத்தம் ஒற்றும் துணி) 8 என்று இருக்கிறது. அந்த அளவு மாப் ஒன்று முழுக்க ஊறினால் சுமார் 140 மில்லி பிடிக்கும். எல்லாம் பாதிதான் ஊறியது என்று வைத்தாலும் 550-ஐத் தாண்டுகிறது. ஆக 1150-க்குக் குறையாது, 1700 வரைகூட இருந்திருக்கலாம். விரிப்புக்கு அடியில் தேங்கியதும், கீழே பிறப்புறுப்பு வழியாக வடிந்ததும் இதில் சேரவில்லை. நடுவாக 1300 என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படிப் பார்த்தால் மீட்பு அறைக்கு வரும்போதே இவர் அதீத ரத்தப்போக்கு நோயாளி. அது யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

கண்மதிப்பு இப்படித்தான் ஏமாற்றும். இழப்பு குறைவாக இருக்கும்போது கூட்டிச் சொல்வோம், கூடக்கூடக் குறைத்துச் சொல்வோம். அனுபவம் இதைச் சரிசெய்துவிடும் என்று மூத்தவர்கள் நம்புகிறார்கள். நான் நம்பவில்லை. மாற்று வழிக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு தராசு போதும். நனைந்த துணியின் எடையிலிருந்து காய்ந்த எடையைக் கழித்தால், ஒரு கிராமுக்கு ஒரு மில்லி. நஞ்சுக்கொடி வெளிவருவதற்கு முன் ஜாடியில் எந்தக் கோடு வரை நிரம்பியது என்று ஒருவர் சத்தமாகச் சொன்னால் போதும், பனிக்குட நீர் தனியாகப் பிரிந்துவிடும். இரண்டும் சேர்ந்து சில நிமிட வேலை.

எண் சரியாக இருந்தாலும் பாதிக் கிணறுதான். அறுவை மேஜையில் 1300, மீட்பு அறையில் 200, வார்டில் 150 என்று மூன்று இடத்தில் மூன்று பேர் தனித்தனியாக எழுதினால் எதுவுமே யாரையும் பயமுறுத்தாது. கூட்டினால்தான் 1650 தெரியும். ஒரே தாளில் ஓடும் கூட்டுத்தொகையாக நோயாளியோடு கூடவே போக வேண்டிய எண் அது.

ரத்தம் எங்கே போனது

நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் அந்தக் குழாய்களின் வாய் எல்லாம் திறந்தபடி நிற்கும். அவற்றை அடைப்பது, முதலில், ரத்தம் உறைவதல்ல. கருப்பைத் தசை இறுகும்போது குறுக்கும் நெடுக்குமாக ஓடும் அதன் இழைகள் குழாய்களை நெரித்து மூடுகின்றன. அதனால்தான் பிரசவ ரத்தப்போக்கில் பத்தில் ஏழு தசைத் தளர்ச்சியால் வருகிறது. மீதி கிழிசல், உள்ளே தங்கிய நஞ்சுத் துண்டு, உறைதல் கோளாறு.

தளர்ச்சியால் வரும் ரத்தம் கீழ்வழியாக வெளியே வரும், பேட் காட்டிக்கொடுக்கும். சிசேரியன் கிழிசலில் ரத்தம் அந்த வழியில் வர வேண்டிய கட்டாயமே இல்லை. வெட்டின் மூலையிலிருந்து கசிந்தால் வயிற்றுக்குள் போகும், அல்லது அகன்ற சவ்வின் மடிப்புகளுக்குள் புகுந்து பக்கவாட்டிலும் பின்பக்கமும் பரவும். அங்கே ஒரு லிட்டருக்கு மேல் வெளியே ஒரு சொட்டுத் தெரியாமல் தங்க முடியும். பேட் காய்ந்திருப்பதை வைத்துக் கருப்பை இறுகியிருக்கிறது என்று சொல்லலாம். தாய் பாதுகாப்பாக இருக்கிறார் என்று சொல்ல முடியாது.

இந்த அறுவையின் வரலாறே ரத்தத்தோடு போராடிய வரலாறு. 19-ஆம் நூற்றாண்டில் வெகுகாலம் கருப்பையை வெட்டிக் குழந்தையை எடுத்தபின் தைக்காமலேயே விட்டுவிடுவார்கள், அது தானாகச் சுருங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கை. தாய்மார்கள் ரத்தப்போக்கிலும் சீழிலும் இறந்தார்கள். 1876-இல் இத்தாலியில் எடுவார்தோ போர்ரோ குழந்தையை எடுத்த கையோடு கருப்பையையும் வெட்டி எடுத்தார், தாய் பிழைத்தார். 1882-இல் ஜெர்மனியின் மாக்ஸ் சேங்கர் கருப்பையை ஒழுங்காகத் தைக்கும் முறையைச் சொன்ன பிறகுதான் கருப்பையும் தாயும் சேர்ந்து பிழைப்பது வழக்கமானது. 20-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் மன்ரோ கெர் முன்னெடுத்த கீழ்ப்பகுதிக் குறுக்கு வெட்டு ரத்த இழப்பை இன்னும் குறைத்தது. அதற்கு ஒரு விலை உண்டு. குறுக்கு வெட்டின் இரண்டு முனைகளும் இரண்டு கருப்பைத் தமனிகளைப் பார்த்தபடி நிற்கின்றன. வெட்டு நீண்டால் போய் இடிப்பது அங்கேதான்.

கருப்பை வாய் முழுதாகத் திறந்தபின் செய்யும் சிசேரியனில் அந்த ஆபத்து அதிகம். கீழ்ப்பகுதி காகிதமாக மெலிந்து மேலே இழுபட்டிருக்கும், வெட்டைச் சற்று மேலே வைக்க வேண்டும். ஆழத்தில் மாட்டிய தலையைக் கீழிருந்து தள்ளி எடுப்பதைவிட, கையை மேலே விட்டுக் காலைப் பிடித்து எடுக்கும் முறையில் கிழிசல் குறைவு என்று ஒப்பிட்ட ஆய்வுகள் காட்டுகின்றன. கைப்பழக்கம் இல்லாதவர் அதிகாலை இரண்டு மணிக்கு முதல்முறையாக முயலக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கிழிசல் நேர்ந்ததை இந்தக் குழுவின் குறையாக நான் பார்க்கவில்லை. அந்தத் தலை அப்படித்தான் வந்திருக்கும். கேள்வி தைத்த விதத்தில் இருக்கிறது. அறுந்த தமனி உள்ளே சுருங்கி ஒளிந்துகொள்ளும், கிழிசலின் கண்ணுக்குத் தெரியும் முனையில் தையல் போட்டால் தமனி அதற்கு அப்பால் இருக்கும். முனையைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் தள்ளி முதல் தையல் விழ வேண்டும். கருப்பையை வயிற்றுக்கு வெளியே எடுத்து வைத்துப் பார்த்தால் மூலையும் சவ்வின் பின்பக்கமும் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். எல்லா சிசேரியனிலும் வெளியே எடுக்க வேண்டியதில்லை, கீழ்நோக்கிக் கிழிந்த மூலைக்கு எடுக்கலாம். அறுவைக் குறிப்பில் கிழிசல் பற்றி அரை வரிதான் இருக்கிறது. சவ்வின் பின்பக்கம் பார்த்ததாகவோ, மூடுமுன் சில நிமிடம் காத்திருந்து மறுபடி பார்த்ததாகவோ இல்லை. மீட்பு அறைக்குச் சொன்ன தகவலில் கிழிசல் என்ற சொல்லே இல்லை.

நாடி சொன்னது

கர்ப்பத்தில் ரத்தத்தின் கொள்ளளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. இவரிடம் ஆறு லிட்டருக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். இயற்கை கொடுத்த இந்தச் சேமிப்பு தாயைக் காப்பாற்றுகிறது, பார்ப்பவரை ஏமாற்றவும் செய்கிறது. ஆரோக்கியமான இளம் பெண் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் இழக்கும் வரை பிபியைத் தாங்கிப் பிடித்துவிடுவார். பிபி விழும்போது நாம் பார்ப்பது தொடக்கத்தை அல்ல.

அதனால் பிபியைத் தனியாகப் பார்க்காமல், நாடியை மேல் பிபியால் வகுக்க வேண்டும். பிரசவித்த பெண்ணுக்கு 0.9-க்குக் கீழே இருந்தால் சரி. 0.9-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும், 1-ஐத் தாண்டினால் ஆளைக் கூப்பிட வேண்டும். இவருக்கு 3.15-க்கு 0.93. 3.45-க்கு 1.04. 4.15-க்கு 1.13. 4.45-க்கு 1.29. ஐந்து மணிக்கு 1.6. தனித்தனியாகப் பார்த்தால் 108/68 அழகான பிபி, 112 வலியில் வரக்கூடிய நாடி. வகுத்தால் 3.45-க்கே விடை வந்துவிட்டது. மருத்துவரை அழைத்தது ஐந்து மணிக்கு.

வலி என்று நினைத்ததில் தவறில்லை, வலியும் இருந்தது. ஆனால் வலி மருந்து கொடுத்தபின் நாடி இறங்கியிருக்க வேண்டும், ஏறியது. அந்த இடத்தில் விளக்கத்தை மாற்றியிருக்க வேண்டும். முதுகு ஊசியின் தாக்கமும் ஒரு திரை. அது கால்களின் குழாய்களை விரித்துப் பிபியைக் குறைக்கும் என்பதால் லேசாகக் குறைந்த பிபிக்கு யாரும் வேறு காரணம் தேடுவதில்லை. ஆனால் அந்தத் தாக்கம் நேரம் போகப் போகக் குறையும், பிபி மேலே வர வேண்டும். இவருக்கு எல்லாமே எதிர்த்திசையில் நகர்ந்தது.

3.30-க்கு வந்த ஹீமோகுளோபின் 9.8 வேறு கெடுத்தது. ரத்தம் கொட்டும்போது சிவப்பணுவும் நீரும் சேர்ந்தேதான் போகின்றன, மீதமிருக்கும் ரத்தத்தின் அடர்த்தி உடனே மாறாது. திசுக்களிலிருந்து நீர் வந்து சேர்ந்து, டிரிப்பும் ஏறி நீர்த்த பிறகே எண் விழும். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் எடுத்த ஹீமோகுளோபினை வைத்து ரத்தப்போக்கு இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. குறைந்திருந்தால் நம்பலாம், குறையாமல் இருந்தால் அது எதையும் சொல்லவில்லை.

இப்போது அந்தச் செவிலியரின் வரி. "வலப்பக்கம் சாய்ந்துள்ளது." பிரசவத்துக்குப் பின் கருப்பை ஒரு பக்கம் ஒதுங்கி மேலேறியிருந்தால், சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும் என்றுதான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் இவருக்கு வடிகுழாய் இருந்தது, அது அடைபடவும் இல்லை. பை காலியாக இருந்தும் கருப்பை வலப்பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது என்றால், இடப்பக்கத்தில் ஏதோ இடத்தைப் பிடித்துக்கொண்டு வளர்கிறது. கிழிந்ததும் இடது மூலைதான். நோயறிதல் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது, எழுதியவருக்குக் கிழிசல் பற்றித் தெரியாததால் அது நோயறிதலாகவில்லை. தோள்பட்டை வலியும் இதே கதைதான். வயிற்றுக்குள் தேங்கிய ரத்தம் உதரவிதானத்தை உரசினால் வலி தோளில் தெரியும். கொட்டாவியும் தாகமும் ரத்தம் குறைந்த மூளையின், உடலின் முறையீடு. இவற்றைத் தூக்கமின்மை என்று தள்ளிவிடுவது எளிது, முந்தைய இரவு முழுக்க அவர் தூங்கவில்லைதானே.

மருந்துகளைப் பற்றி

ஆக்ஸிடோசின் 11 மணி நேரம் ஓடிய கருப்பை அதே ஆக்ஸிடோசினுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லாது. அதை ஏற்கும் வாங்கிகள் சலித்துப்போய்விடுகின்றன. அந்த மாதிரி நேரத்தில் அதையே கூட்டிக்கொண்டு போவதைவிட வேறு வகை மருந்துக்குச் சீக்கிரம் தாவுவதுதான் சரி, இங்கே அதைச் செய்தார்கள். மெத்தில்எர்கோமெட்ரினை ரத்தக்கொதிப்பு உள்ளவருக்கும் கார்போப்ரோஸ்ட்டை ஆஸ்துமா உள்ளவருக்கும் தவிர்க்க வேண்டும். இவருக்கு இரண்டும் இல்லை. ஆக்ஸிடோசினை மெதுவாக ஏற்றியதும் சரி. 5, 10 யூனிட்டை ஒரே தள்ளில் நரம்பில் ஏற்றினால் பிபி சடாரென்று விழும், ஏற்கெனவே ரத்தம் இழந்தவருக்கு அது ஆபத்து.

டிரானெக்ஸாமிக் அமிலம் உறைந்த ரத்தம் கரைந்துபோகாமல் தடுக்கிறது. 2017-இல் வெளியான 'உமன்' ஆய்வு 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் நடந்தது. பிரசவித்த மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தவர்களில் ரத்தப்போக்கால் இறந்தவர்கள் 1.2 சதவீதம், மருந்து பெறாதவர்களில் 1.7 சதவீதம். மூன்று மணி நேரம் தாண்டினால் பலன் தெரியவில்லை. இவருக்குக் குழந்தை பிறந்தது 2.16, மருந்து ஏறியது 5.08. எட்டு நிமிடம்தான் மீதியிருந்தது. கால் மணி நேரம் தாமதித்தால் பலனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் கடைசி நேரத்தில் கொடுத்ததில் கிடைத்தது மிகச் சிறிது.

எல்லா சிசேரியனிலும் முன்கூட்டியே இதைக் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். 2021-இல் பிரான்சில் வந்த ஆய்வில் கணக்கிட்ட ரத்த இழப்பு சற்றுக் குறைந்தது. 2023-இல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில் ரத்தம் ஏற்றுவதும் இறப்பும் குறையவில்லை. என்னைக் கேட்டால், இந்தத் தாய்க்கு முதலிலேயே கொடுத்திருந்தாலும் முடிவு பெரிதாக மாறியிருக்காது. அறுந்த தமனியை மருந்து கட்டாது, நூல்தான் கட்டும்.

ஃபைப்ரினோஜன் 140 என்பது பார்க்கும் எண்ணைவிட மோசமானது. கர்ப்பமில்லாதவருக்கு 200-க்கு மேல் இயல்பு, நிறைமாதத்தில் 400 முதல் 600 வரை இருக்க வேண்டும். 200-க்குக் கீழே இறங்கியவருக்கு ரத்தப்போக்கு தீவிரமாகும் என்பதை 2007-இலேயே ஒரு பிரெஞ்சு ஆய்வு காட்டியது. ஆய்வகத்தின் முடிவு வர நேரமாகும் இடத்தில் சாதாரணக் கண்ணாடிக் குழாயில் 5 மில்லி ரத்தத்தை எடுத்து நேராக நிறுத்திப் பார்க்கலாம். பத்து நிமிடத்துக்குள் கெட்டியாக உறையவில்லை என்றால் ஃபைப்ரினோஜன் குறைவு என்று வைத்துக்கொண்டு கிரையோவோ பிளாஸ்மாவோ கேட்டுவிடலாம். சலைனை லிட்டர் கணக்கில் ஊற்றினால் மிச்சமிருக்கும் உறைபொருளும் நீர்த்துப்போகும், உடலும் குளிரும், குளிர்ந்த ரத்தம் இன்னும் உறையாது. ஏற்றும் ரத்தப் பைகளில் உள்ள சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், கால்சியம் இல்லாமல் உறைதலும் இல்லை, இதயத்துக்கும் ஆபத்து. இவற்றையெல்லாம் மயக்க மருத்துவர், யாரும் சொல்லாமலே, கவனித்துச் செய்திருக்கிறார். கோப்பில் மிகத் தெளிவாக எழுதப்பட்ட பக்கங்கள் அவருடையவை.

இரண்டாவது அறுவை

வயிற்றை மறுபடி திறக்கத் தயங்குவது மனித இயல்பு. இரண்டரை மணி நேரம் முன்பு நாமே தைத்து மூடிய வயிறு அது. இங்கே மருத்துவரை அழைத்ததிலிருந்து அரங்கத்துக்குப் போக 35 நிமிடம்தான். ஸ்கேனுக்கு வேறு அறைக்கு அனுப்பவில்லை, ரத்தக்குழாயை உள்ளிருந்தே அடைக்கும் சிகிச்சைக்காகக் காத்திருக்கவும் இல்லை. பிபி நிலையாக இருக்கும் நோயாளிக்கு அது நல்ல வழி, 84/50-க்கு அல்ல.

கிளைத் தமனியைக் கட்டியும் நிற்கவில்லை என்றால் அடுத்த படி கருப்பைத் தமனியையே பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டுவது. ஓ'லியரி 1966-இல் விவரித்த முறை, கருப்பையும் பிழைக்கும், பின்னாளில் கருத்தரிக்கவும் தடையில்லை. இங்கே தேவைப்படவில்லை. தளர்ந்த கருப்பைக்கு பி-லிஞ்ச் போடுமுன் இரண்டு கையாலும் கருப்பையை அமுக்கிப் பிடித்துப் பார்த்தார்கள், ரத்தம் நின்றது. அமுக்கி நின்றால் தையலும் நிறுத்தும். 1997-இல் கிறிஸ்டோபர் பி-லிஞ்ச் இந்தத் தையலைப் பதிவு செய்தபோதே இந்தச் சோதனையையும் சேர்த்துத்தான் சொன்னார்.

மேஜையில் 1300, வயிற்றில் 800, கட்டியில் 450, இரண்டாம் அறுவையில் எடையிட்டு எழுதியது 500. மொத்தம் 3050 மில்லி, அவருடைய ரத்தத்தில் பாதி. முதலாவதைத் தவிர மற்ற எல்லாம் அளந்தவை.

பிறகு

இத்தனை ரத்தம் இழந்தவருக்கு முதல் சில நாளில் பார்க்க வேண்டியவை வேறு. பால் நான்காம் நாள் வந்தது. வராமலே போயிருந்தால், பிபி சரிந்த நேரத்தில் பிட்யூட்டரி சுரப்பி கருகிவிட்டதா என்று யோசித்திருக்க வேண்டும். ரத்தம் நிறைய ஏற்றியவருக்கும் அசையாமல் படுத்திருப்பவருக்கும் கால் நரம்பில் ரத்தக்கட்டு வரும் ஆபத்து கூடுதல். உறைதல் சீரானதும் ஹெப்பாரின் வகை ஊசி தொடங்கினார்கள். ரத்தப்போக்கில் தப்பியவருக்கு ரத்தம் உறையாத மருந்து கொடுக்கக் கை நடுங்கும், ஆனாலும் கொடுக்க வேண்டும். ஹீமோகுளோபின் 8.3-க்கு இன்னொரு பை ரத்தம் ஏற்றவில்லை, இரும்பை நரம்பில் ஏற்றி அனுப்பினார்கள். அது சரியான முடிவு.

வீட்டுக்குப் போகுமுன் அவரையும் கணவரையும் உட்காரவைத்து நடந்ததை நேர வரிசையில் சொன்னார்கள். எங்கே தாமதமானது என்பதையும் மறைக்கவில்லை. தண்ணீர் கேட்டதும் தோள் வலித்ததும் தனக்கு நினைவிருக்கிறது, யாரும் பொருட்படுத்தவில்லை என்று நினைத்ததாக அவர் சொன்னதைக் கோப்பில் அவர் வார்த்தையிலேயே எழுதியிருக்கிறார்கள். கையில் கொடுத்த கடிதத்தில் இருப்பது: கீழ்நோக்கிக் கிழிந்த இடது மூலை, பி-லிஞ்ச் தையல், 3 லிட்டர் இழப்பு. வீட்டில் திடீரென்று ரத்தம் கொட்டினாலோ காய்ச்சலோடு நாற்றமடிக்கும் போக்கு வந்தாலோ, ஆறு வாரம் ஆகியிருந்தாலும் உடனே வர வேண்டும். அடுத்த கர்ப்பத்துக்கு முன் ஹீமோகுளோபின் 11-க்கு மேல் ஏறியிருக்க வேண்டும். நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்கச் சொல்ல வேண்டும். பிரசவம் ரத்த வங்கி உள்ள இடத்தில்தான். கடைசியில் அவருடைய ரத்த வகையும், ஏற்றிய பைகளின் எண்களும், பிரசவத்துக்குச் சேரும் அன்றே இரண்டு பை பொருத்திப் பார்த்து வைக்க வேண்டும் என்ற குறிப்பும்.